அடுத்த நாடு வரும் வரை

என் மாமனாரின் பெயரை நான் சொல்ல மாட்டேன். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டியவர் பெயரையும் சொல்ல மாட்டேன், அவர் மண்ணுக்குள் போன பிறகும். எங்கள் அப்காசியா என்கிற குட்டி நாட்டில் மருமகளுக்கு அப்படி ஒரு சட்டம். பெயரோடு நின்றால் பரவாயில்லை. மாமனார் காதில் விழும்படி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவராக மனசு வைத்து, நாலு பேரைக் கூட்டி விருந்து வைத்து, கையில் ஒரு பரிசைக் கொடுத்து, "பேசும்மா" என்கிற அன்றைக்குத்தான் வாய் திறக்கலாம். அதுவரை வீட்டுக்குள் ஊமை.

பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் திறந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக் கிப்லாவுக்கு மூன்றாம் மாதமே திறந்தாயிற்று. அவள் மாமனார் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டிருக்கிறார். கண்ணாடி அவர் நெற்றியிலேயே உட்கார்ந்திருந்தது. இவள் அதைச் சொல்லவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் முந்திக்கொண்டு வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றாளாம். விஷயம் தெரிந்ததும், "இந்தக் கொடுமை எனக்கு வேண்டாம், பேசித் தொலை" என்று ஒரு பசுவைக் கொடுத்துவிட்டார். அன்று திறந்த வாய், கிப்லா இன்னும் மூடவில்லை.

எனக்கு ஏழு வருஷம்.

குற்றம் என் மாமனாருடையது என்று சொல்ல மாட்டேன். உலகத்துடையது. அவர் தலைநகர் சுகூமில் வெளியுறவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பிரிந்து வந்த எங்களைத் தனி நாடு என்று ஏற்றுக்கொண்ட நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், இரண்டாவது கைக்கு வேலையே வராது. ஏற்றுக்கொள்ளாத மற்ற எல்லா நாடுகளுக்கும், அவரவர் தேசிய தினத்தன்று வாழ்த்து எழுதி அனுப்புவதுதான் இவர் உத்தியோகம். அனுப்புவார். யாரும் பதில் போட மாட்டார்கள். அடுத்த வருஷமும் அனுப்புவார். என் கல்யாணம் நடந்த வருஷம் வசந்தத்தில் சிரியா எங்களை ஏற்றுக்கொண்டது. அந்தச் சந்தோஷம் ஊரில் அப்போது இன்னும் இறங்கியிருக்கவில்லை. ஒன்று வந்தால் பின்னாலேயே நாலு வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பந்தலில் மாமனார் கோப்பையை உயர்த்தி, "அடுத்த நாடு நம்மள ஏத்துக்கற அன்னைக்கு, இந்த வீட்டு மருமக வாயைத் திறக்கறேன்!" என்று சபதம் போட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் முக்காட்டுக்குள் சிரித்தேன். கமலா ஆரஞ்சு பழுப்பதற்குள் பேசிவிடுவேன் என்று நினைத்தேன், முட்டாள்.

ஒரு தடவை கிட்டத்தில் வந்தது. ஏதோ ஒரு தீவிலிருந்து ஒரு மந்திரி வந்தார். பெயர் வேண்டாம், பாவம், சின்னத் தீவு. விருந்தில் எங்கள் ஒயினைக் குடித்துவிட்டு, "நீங்கள் எங்கள் சகோதரர்கள்" என்றாராம். மாமனார் அன்றே விருந்துக்கு அடிக்க ஒரு மாட்டைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்து வெளியே கட்டினார். நான் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று கண்ணாடி முன்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்துப் பழகினேன். ஊருக்குத் திரும்பியதும் மந்திரி, "பொதுவாகச் சொன்னேன், எல்லா மனிதர்களும் சகோதரர்கள்தானே" என்று சொல்லிவிட்டார். மாட்டை மறுபடி கொட்டகையில் கட்டினோம்.

பேசாமல் எப்படிக் குடும்பம் நடந்தது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு நாய் உண்டு. மாமனார் அதற்கு ஐ.நா. என்று பெயர் வைத்திருந்தார். நாள் முழுக்கத் தூங்கும், கோழியை நரி தூக்கிப் போன பிறகு எழுந்து கவலையோடு பார்க்கும், அதனால். அவர் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம்தான் சொல்வார்.

"ஐ.நா.வே, அஜிகாத் துவையல்ல இன்னைக்கு உறைப்பு கொஞ்சம் தூக்கல். செஞ்சவங்களுக்கு யார் மேல கோவமோ தெரியல."

நான் அடுப்படியில் நின்று கரண்டியால் பானையைத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் இல்லை. படபடவென்று தட்டினால், வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். அவருக்கு அதெல்லாம் அத்துப்படி. "அடேயப்பா, ஐ.நா.வே, கண்டனத் தீர்மானம் வந்திருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் சில நாள் வேண்டுமென்றே தட்டியிருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் வாழ்த்தை விடவில்லை. மதியச் சாப்பாட்டில் சோளக்களியும் புகை போட்ட பாலாடைக்கட்டியும் வைத்தவுடன் எழுந்து நிற்பார். "இன்னைக்கு பெரு நாட்டோட நாள். அவங்க மலையும் மக்களும் நல்லா இருக்கணும்." எங்களிடம் வாழ்த்துக்குப் பதில் வாழ்த்து சொல்லாமல் குடிப்பது அசிங்கம். அதனால் என் வீட்டுக்காரர் எதிரில் எழுந்து நெஞ்சில் கை வைத்து, "பெரு நாட்டின் சார்பா நன்றி அப்பா. உங்க வாழ்த்து வந்து சேர்ந்துச்சு. எங்க ஜனாதிபதி உங்கள ரொம்பக் கேட்டதா சொன்னாரு" என்பார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குரல் வைத்திருந்தார். டென்மார்க் என்றால் மூக்கால் பேசுவார். மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். நான் கதவோரம் முக்காட்டு நுனியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நிற்பேன். அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது, அதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

பிறகு ஒரு குளிர்காலத்தில், காக்ரா போகும் கடலோரச் சாலையில், ஒரு லாரி. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை.

மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். குழந்தை இல்லை. ஆக அந்த மேட்டு வீட்டில் அவரும் நானும் ஐ.நா.வும்தான். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவரும் ஒரு புருஷனைப் பறிகொடுத்தவளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் ஆறுதலாக ஒரு சொல் சொல்ல முடியாது. அவர் தோட்டத்தில் அழுவார், நான் அடுப்படியில் அழுவேன். மதியம் இன்னமும் எழுந்து நின்று நாட்டை வாழ்த்துவார். எதிர் நாற்காலி காலி. பதில் வராததால் குடிக்காமல் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிடுவார். நான் எடுத்துப் போய் மீண்டும் ஜாடியில் ஊற்றுவேன்.

சரி, துக்கம், காலம் ஆனால் மாறும் என்றிருந்தேன். மாறியது, வேறு மாதிரி. நான் பானையைத் தட்டினால் அவர் கண்டுகொள்வதை நிறுத்தினார். முதலில் ஒன்றிரண்டு தடவை. பிறகு ஒரேயடியாக. நாயிடம் பேசுவதும் குறைந்து நின்றது. தினமும் செய்தி கேட்கிற வானொலியை ஒரு நாள் துணி போட்டு மூடிவிட்டார். கமலா விற்றுவிட்டு வருகிறேன் என்று ப்சோ ஆற்று எல்லையைத் தாண்டி பக்கத்து நாட்டுச் சோச்சிக்குப் போனவர், கூடையில் பழம் அப்படியே இருக்கத் திரும்பி வந்தார். என் பக்கம் பார்க்காமல் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மகன் போன பிறகு மருமகள் எதற்கு? இவள் தானாகப் போக மாட்டாளா என்று பார்க்கிறார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நானும் தட்டுவதை நிறுத்தினேன். களியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு வீட்டில் அத்தனை அமைதி இருக்கலாகாது. சில நாள் கொல்லையில் கோழிகளிடம் போய், எனக்குக் குரல் இன்னும் இருக்கிறதா என்று பேசிப் பார்ப்பேன்.

கிப்லாவிடம் சொல்லி அழுதேன். அவள், "உன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்புடி. இன்னும் எத்தன காலம் இந்த மனுஷனுக்குக் களி கிண்டிப் போட்டுக்கிட்டு இருப்ப?" என்றாள்.

"போறதுக்கு எனக்கொண்ணும் இல்ல. வாய் திறக்காம எப்படிடீ போறது?"

அதுதான் என் சங்கடம். வாய்திறப்பு நடக்காமல் ஒருத்தி புகுந்த வீட்டை விட்டுப் போனால், அவள் அங்கே வாழ்ந்ததாகவே கணக்கில்லை. வந்தாள், இருந்தாள், போனாள், வீடு அவளைத் தன் ஆள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஏழு வருஷம் எனக்கு அப்படிக் காற்றில் போவதா? ஒரே ஒரு தடவை அவர் என்னைப் பார்த்து, நாயைப் பார்த்து அல்ல, "பேசும்மா" என்று சொல்லிவிட்டால் போதும். அன்றே மூட்டையைக் கட்டிவிடுவேன்.

கமலா பறித்து முடிந்த கையோடு என் அண்ணன் அஸ்தமூர் வந்தான். அண்ணன் கொஞ்சம் முரடன், ஆனால் என் மேல் உயிர். மாமனார் அவனைக் கட்டிக்கொண்டு வரவேற்று, பெட்டைக்கோழி அடித்துச் சமைக்கச் சொல்லி ஜாடை காட்டினார். கிப்லா ஒத்தாசைக்கு வந்தாள். வழக்கம்போல மாமனார் எழுந்து, "இன்னைக்கு பார்படோஸோட நாள்" என்று ஆரம்பித்து வாழ்த்தினார். அண்ணனுக்குப் பார்படோஸ் எந்தத் திசை என்றே தெரியாது. "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மாமா, ஒரு விஷயம் பேசணும்."

மாமனார் பழத்தை உரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"தங்கச்சி அசிதாவ நான் கூட்டிட்டுப் போகலாம்னு வந்திருக்கேன். துக்கமெல்லாம் முடிஞ்சு போச்சு. சின்ன வயசு. நீங்க என்ன சொல்றீங்க?"

"இந்த வருஷம் காய் சிறுசுதான்" என்றார் மாமனார். "ஆனா நல்ல இனிப்பு. ரெண்டு பெட்டி எடுத்துட்டுப் போ."

அடுப்படியில் கிப்லா என் இடுப்பில் இடித்தாள். "என்னடி இது, உன்னக் கேட்டா ஆரஞ்சத் தர்றாரு?"

அண்ணனுக்குக் காது மடல் சிவந்தது. "நான் பெட்டியக் கேக்கல மாமா. என் தங்கச்சியக் கேக்கறேன். அனுப்புறதுக்கு முன்னாடி அவ வாயைத் திறந்து மரியாதையா அனுப்புங்க. ஏழு வருஷம் உங்களுக்குச் சமைச்சுப் போட்டவ."

மாமனார் பெருந்தன்மையாகக் கையை வீசினார். "அட, காசெல்லாம் ஒண்ணும் வேண்டாம்ப்பா. நம்ம வீட்டுப் பொருள். சும்மா எடுத்துட்டுப் போ."

இத்தனை வருஷம் எனக்கு நாயிடம் சொல்லி அனுப்பியது போதாதென்று, இப்போது என் அண்ணன் முகத்துக்கு நேரே என்னைப் பழப்பெட்டியாக்கிக் கிண்டல் செய்கிறார்! பேசத்தான் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று யார் சொன்னது? கொப்பரையின் இரும்பு மூடியைத் தூக்கி அவர் முதுகுக்குப் பின்னால் கல்தரையில் ஓங்கி எறிந்தேன்.

இடி விழுந்தது போலிருந்தது. அண்ணன் நாற்காலியோடு துள்ளினான். கிப்லா, "ஐயோ!" என்று அலறினாள். மேசைக்கு அடியில் படுத்திருந்த ஐ.நா. வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியே பாய்ந்து ஓடியது. மூடி தரையில் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டே இருந்தது.

மாமனார் பழத்திலிருந்து ஒரு வெள்ளை நாரை நிதானமாக எடுத்துப் போட்டார். ஓடுகிற நாயைப் பார்த்து, "ஐ.நா.வுக்கு என்ன ஆச்சு? முழிச்சிருச்சே!" என்றார்.

தட்டுக்குப் பதில் வராததும், துணி போட்ட வானொலியும், விற்காமல் வந்த கூடையும் ஒன்றன் பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. வேறு எந்த வீடாக இருந்தாலும் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை என்று மருமகள் சொல்லியிருப்பாள். நான் ஒரு நாளும் கூப்பிட்டதே இல்லையே. பேசாத வீட்டில் காது போனது யாருக்குத் தெரியும்?

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். நாங்கள் பார்த்த திசையில் திரும்பி, தரையில் ஆடி ஓயும் மூடியைப் பார்த்தார். அப்புறம் என்னை. பழத்தைக் கீழே வைத்தார்.

"சரி. தெரிஞ்சு போச்சு" என்றார். குரல் கொஞ்சம் கூடுதலாக உரத்து வந்தது. "பையன் போன வருஷம் ஒரு காது போச்சு. அப்புறம் இன்னொண்ணும். சோச்சியில டாக்டர் பார்த்துட்டு நரம்பு செத்துருச்சு, மெஷின் வெச்சாலும் பிரயோஜனம் இல்லன்னுட்டாரு. யார்கிட்டச் சொல்ல? பேச்சே இல்லாத வீட்டுல காது எதுக்குன்னு இருந்துட்டேன்."

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு துணிப்பொட்டலம். பிரித்தார். மாமியாருடைய வெள்ளி ஒட்டியாணம். வெள்ளி வைத்த இடத்தில் கறுத்துப் போகும், இது நேற்று வாங்கியது போலப் பளிச்சென்றிருந்தது. ஏழு வருஷமாக யாரோ துலக்கித் துலக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் துலக்கும் வேலையெல்லாம் என்னுடையது, இதை நான் துலக்கியதில்லை.

"அடுத்த நாடு வரட்டும்னு சொன்னேன்" என்றார் அவர், நேராக என் முகத்தைப் பார்த்து. "வருவாங்கன்னுதாம்மா நெனச்சேன். பொய் சொல்லல. இப்ப அவங்க வந்தாலும் எனக்குக் கேக்காது. அவங்களுக்காக உன்ன நிக்க வெச்சது போதும்." ஒட்டியாணத்தை என் கையில் வைத்தார். "பேசும்மா."

எத்தனை அழகான வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன்! இந்த வீடு தழைக்கட்டும், இந்த அடுப்பு அணையாமல் இருக்கட்டும், இப்படியெல்லாம். வந்தது என்னவோ, "என்கிட்ட ஏன் சொல்லல? ஒரு வார்த்தை... நான் என்ன அந்நியமா?" என்பதுதான். துருப்பிடித்த கதவு போலக் கரகரவென்று வந்தது. சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்தேன் என்று தெரிந்ததும் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"குரல் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். "நல்ல குரலா?"

அஸ்தமூர் முரடன் என்று சொன்னேன் அல்லவா? அந்த முரட்டுத்தனமெல்லாம் எங்கே போயிற்றோ. மேலும் கீழும் தலையை மட்டும் ஆட்டினான்.

"இவ மாமியாருக்கும் நல்ல குரல்" என்றார் மாமனார். உட்கார்ந்து மீதிப் பழத்தைத் தின்றார்.

மறுநாள் அண்ணன் வண்டியில் இரண்டு பெட்டிப் பழம் ஏறியது. நான் ஏறவில்லை. என் மூட்டை கூடத்தில் கட்டியபடியே இருந்தது. "உனக்கு வேணுங்கறது கிடைச்சாச்சு. இனிமே இங்க என்னடி? நீ தொண்டை கிழியப் பேசுனாலும் அந்த மனுஷனுக்கு ஒரு எழுத்துக் கேக்காது" என்றான்.

"கேக்காதவங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கறதுதான அண்ணா அவர் பார்த்த உத்தியோகம்? நானும் கொஞ்ச நாள் பார்க்கறேன்."

"பைத்தியமே" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

நான் தியாகி இல்லை. அப்படி யாரும் எழுதி வைத்துவிட வேண்டாம். அண்ணன் வீட்டிலும் எனக்கு ஒரு மூலைதான், அங்கே அண்ணி வாய்க்கு முன்னால் நான் மறுபடி ஊமை. வசந்தம் வரட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறேன். மாமனார் பெயரை மட்டும் இப்போதும் சொல்ல மாட்டேன். காது கேட்கவில்லை என்பதற்காக மரியாதை இல்லாமல் போய்விடுமா?

பின்லாந்து நாள் வந்தது. மதியம் களியை வைத்தேன். அவர் எழுந்து கோப்பையை உயர்த்தி, பின்லாந்தின் ஏரிகளும் மக்களும் நன்றாக இருக்க வேண்டும் என்றார். வழக்கமாக அதோடு கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். அன்று நான் கதவோரத்திலிருந்து வந்து, அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் நின்றேன். ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டேன்.

"பின்லாந்து நாட்டின் சார்பா நன்றி" என்றேன், சத்தமாக. "உங்க வாழ்த்து வந்து சேர்ந்துச்சு. எல்லா வருஷமும் வந்து சேர்ந்துச்சு. ஒண்ணு விடாம எங்களுக்குக் கேட்டுச்சு. பதில் சொல்ல வாய்தான் இல்ல."

அவர் கோப்பையைப் பிடித்தபடி என் உதட்டையே பார்த்தார்.

"என்ன சொன்னே?" என்றார்.

நான் பென்சிலைத் தேடினேன். "எழுதாதே" என்றார். "ஆயுசு பூரா காகிதம் பார்த்தாச்சு. வாயால சொல்லு. இன்னொரு தடவ சொல்லு."

இன்னும் மெதுவாக, உதட்டை நன்றாக விரித்து, முதலிலிருந்து சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார், அதாவது பார்த்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முடிந்ததும் தலையைக் குனிந்து வணங்கி, கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நானும் குடித்தேன். மேசைக்கு அடியில் ஐ.நா. தூங்கிக்கொண்டிருந்தது.